தண்ணீர் மட்டும் போதுமா?

கோடை வந்துவிட்டால் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் கட்டட வேலைக்குப் போகும் சகோதரரிடமும், டாக்ஸி ஓட்டும் நண்பரிடமும், கடையில் நாள் முழுக்க நிற்கும் சகோதரியிடமும் கேட்டுப் பாருங்கள். "குடிச்சா எங்கே போறது?" என்பார்கள். கழிவறை தூரத்தில் இருப்பதால், தாகத்தையே அடக்கிப் பழகிவிட்டார்கள்.

45 டிகிரி வெயிலில் உடம்பின் நீரெல்லாம் வியர்வையாகப் போய்விடுகிறது. சிறுநீர் குறைந்து அடர்கிறது. கால்சியம், ஆக்சலேட் போன்ற உப்புகள் அதில் படிந்து கல்லாகின்றன. நெடுநேரம் அடக்கி வைத்தால் கிருமிகளும் சிறுநீர்ப்பையில் தங்கிப் பெருகுகின்றன. அடக்கக்கூடாத பதினான்கு வேகங்களில் சிறுநீரையும் சித்த மருத்துவம் சேர்த்திருப்பது சும்மா இல்லை.

2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, குறைவாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்கு ஆளான 140 பெண்களை ஓராண்டு கவனித்தது. வழக்கம்போல் குடித்தவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை தொற்று வந்தது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 முறைதான்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. நிழலும் குடிநீரும் தரவேண்டும் என்பதும் விதி. நம்மவர்களில் ஃபோர்மேன்களும் முதலாளிகளும் உண்டு. அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: தண்ணீர் கூலர் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுத்தமான கழிவறையும் வையுங்கள். போய்வர ஐந்து நிமிடம் கொடுங்கள், முகம் சுளிக்காதீர்கள். தண்ணீரை மட்டும் கொடுப்பது பாதி உதவிதான்.

நாமும் செய்ய வேண்டியவை உண்டு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். அடர்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நாலைந்து டீயும் கோலாவும் தண்ணீருக்கு ஈடாகாது. ஏற்கெனவே கல் வந்தவர்களுக்குத் தினம் இரண்டரை லிட்டர் சிறுநீராவது பிரிய வேண்டும். இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.

எரிச்சலுடன் குளிர்காய்ச்சல், விலாவில் கடும் வலி, சிறுநீரில் இரத்தம் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். குடும்பத்துக்காகக் கடல் கடந்து வந்தோம். அந்தக் குடும்பத்துக்கு நாம் நலமாகத் திரும்ப வேண்டாமா?