கடல் தின்னும் கரையும் கரும்பலகைக் கல்வியும்

பத்தாந்தரத்தில் படிக்கும் மாணவி ஒருத்தியின் புவியியல் விடைத்தாள் எமது பார்வைக்குக் கிடைத்தது. கடலரிப்பு என்றால் என்ன, அதற்கான காரணங்கள் நான்கு தருக, தடுக்கும் வழிகள் நான்கு தருக என்ற வினாக்களுக்கு அவள் முழுப் புள்ளிகளையும் பெற்றிருந்தாள். "இலங்கையில் எங்கெங்கே கடலரிப்பு நடக்கிறது, மகள்?" என்று கேட்டோம். "மொறட்டுவை, பேருவளை, ஹிக்கடுவை, சுவாமி" என்றாள். அவளுடைய வீட்டு வளவின் கடற்பக்க வேலி இரண்டு மாரிக்கு முன்னர் கடலோடு போய்விட்டது. அதுவும் கடலரிப்புத்தான் என்று அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது 'கடல் ஏறினது'. விடைத்தாளில் எழுதியது வேறெங்கோ நடக்கும் ஒரு பாடம்.

இது அந்தப் பிள்ளையின் குற்றமல்ல. பாடத்தைக் கரும்பலகையிலிருந்து கொப்பிக்கும், கொப்பியிலிருந்து பரீட்சைத் தாளுக்கும் இடம் மாற்றுவதையே நாம் கல்வி எனக் கொண்டுள்ளோம். கடலரிப்பைக் கடற்கரையிலேயே, மாணவரின் கைகளால் செய்வித்தே கற்பிக்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்தாகும். கிழக்குக் கரையிலுள்ள ஒரு மீனவக் கிராமத்தில் ஆசிரியர்கள் சிலருடன் சேர்ந்து இதனை நாம் செய்து பார்த்தோம். செலவு மிகச் சொற்பம்.

முதலாவது பயிற்சிக்கு ஓர் அகன்ற தகரத் தட்டு, ஒரு வாளி மணல், தண்ணீர், ஒரு பலகைத் துண்டு ஆகியவை போதும். தட்டின் ஒரு பக்கத்தில் மணலைச் சரிவாகப் பரப்பி, மறு பக்கத்தில் தண்ணீர் விட்டு, பலகையைச் சற்றுச் சரித்துப் பிடித்து அலை எழுப்பினால் மணல் கரையோரமாக ஒரு திசையில் நகர்வதைக் காணலாம். பின்னர் கரையிலிருந்து நீருக்குள் நீளுமாறு கற்களை ஒரு வரிசையாக அடுக்கி மீண்டும் அலை எழுப்பச் சொன்னோம். கல்லின் ஒரு பக்கத்தில் மணல் குவிந்தது. மறு பக்கத்தில் கரை உள்வாங்கியது. "ஒலுவில் மாதிரி!" என்று ஒரு மாணவன் கத்தினான். நாம் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனே கண்டுகொண்டான்.

அம்பாறை மாவட்டத்தின் ஒலுவிலில் 2013ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட துறைமுகத்தின் கதை இதுவே. அக்கரையோரத்தில் ஆண்டு முழுவதற்குமான கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அலைதாங்கிகள் அதனை மறித்தன. தெற்கில் மணல் குவிந்தது, துறைமுக வாயிலும் தூர்ந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர் மக்கள் தென்னந்தோப்புகளையும் தோணி இழுக்கும் கரையையும் இழந்தனர். "எங்கள் ஊருக்கும் கல் போடுங்கள்" என்று கேட்பதற்கு முன், அந்தக் கல்லால் அடுத்த ஊருக்கு என்ன நேரும் என்று கேட்கவும் நாம் கற்க வேண்டாமா?

இரண்டாவது பயிற்சி கரையை அளப்பது. எமரி என்ற அறிஞர் 1961இல் எழுதிய எளிய முறை இது. ஒன்றரை மீற்றர் நீளமான இரண்டு தடிகளில் மேலிருந்து கீழாகச் சென்ரிமீற்றர் அடையாளமிட்டு, அவற்றை ஒன்றரை மீற்றர் கயிற்றால் இணைக்க வேண்டும். இரண்டையும் நேராக நிறுத்தி, கரைப்பக்கத் தடியின் பின்னால் நிற்பவர் கடற்பக்கத் தடியின் உச்சியையும் தொடுவானையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். அந்தக் கோடு கரைப்பக்கத் தடியை எந்த அடையாளத்தில் வெட்டுகிறதோ, அவ்வளவே அந்த இடத்தில் கரையின் இறக்கம். இவ்வாறு ஒரு நிலையான மரத்திலிருந்து நீர் விளிம்பு வரை அளந்து கொண்டு போனால் கரையின் வடிவத்தை வரைதாளில் வரைந்துவிடலாம். ஒரு நாள் அளந்தால் போதாது. மாரியில் கடல் மணலை இழுக்கும். வாடை ஓய்ந்தபின் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆகவே மாதம் ஒருமுறையாக ஒரு வருடமாவது அளந்தால்தான் திரும்பி வருவது எது, வராமற் போவது எது என்பது தெரியும்.

எமது மாணவர் இரண்டு இடங்களில் அளந்தனர். ஒன்று அடம்பன் கொடி படர்ந்த, ஆள் நடமாட்டம் குறைந்த இடம். மற்றது உழவு இயந்திரப் பெட்டிகளில் மணல் ஏற்றப்படும் இடம். மாரியில் இரண்டும் தாழ்ந்தன. ஆடி மாதத்தில் முதலாவது இடம் பெரும்பாலும் பழைய உயரத்துக்கு வந்தது, இரண்டாவது வரவில்லை. ஒரு வருட அளவை வைத்து முடிந்த முடிபு சொல்ல முடியாது. ஆனால் கேள்வி எழுந்துவிட்டது. சிக்கனக் கடன் சங்க அங்கத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வைப்பை விட மீளப்பெறல் கூடினால் கணக்கு என்னவாகும்?

தடி பிடித்தவர்களுள் ஒருவன் மணல் ஏற்றும் தொழிலாளி ஒருவரின் மகன். வரைபடத்தை நெடுநேரம் பார்த்தவன், "அப்பா அள்ளாட்டி நாங்க என்னத்தைச் சாப்பிடுறது, சுவாமி?" என்று கேட்டான். எம்மிடம் பதில் இருக்கவில்லை. அது மட்டுமல்ல, நாம் நின்றிருந்த பங்கு மண்டபத்தின் நிலமும் அதே கரை மணலால் நிரப்பப்பட்டதே. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அங்கே மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். அன்று அதைப்பற்றி நாம் விசாரிக்கவுமில்லை. இதனை மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம்.

பின்னர் மாணவர் தமது வரைபடங்களைக் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் வைத்தனர். முதியவர்கள் எழுந்து, பழைய கிணறு எங்கே இருந்தது, கரைவலை இழுத்த பாடு எதுவரை இருந்தது என்று சாட்சி சொன்னார்கள். தோணிகள் ஏற்றும் கரையில் இனி மணல் ஏற்றுவதில்லை எனத் தீர்மானமாயிற்று. அந்தத் தொழிலாளிகளின் வருமானத்துக்கு மாற்று வழி இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்தக் கடன் எம் எல்லோர் மேலும் இருக்கிறது.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்பர் ஆசிரியர். "ரியூசனுக்குப் போகும் நேரத்தில் மணலில் விளையாட்டா?" என்பர் பெற்றோர். மாதத்தில் ஒரு காலைப்பொழுதே நாம் கேட்பது. கடல் ஆபத்தானது என்பதும் உண்மையே. எனவே நீருக்குள் இறங்காமல், கயிறு கட்டி எல்லை குறித்து, கடலறிந்த பெரியவர் இருவரைத் துணைக்கு வைத்துச் செய்யலாம். கடல் கொந்தளிக்கும் நாளில் அளவையைத் தள்ளிப் போடலாம்.

1901இலிருந்து 2018 வரை உலகின் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது என அறிவியலாளர் கணித்துள்ளனர். அதனை எமது கிராமம் தனித்துத் தடுத்துவிட இயலாது. ஆனால் மணலை அள்ளுவதா, அடம்பனையும் தாழையையும் அழிப்பதா, எங்கே வீடு கட்டுவது என்பவை எமது கையில் உள்ளவை. நாளை எவரேனும் ஒரு திட்டத்துடன் வந்து, "உங்கள் கரைக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லும்போது, தமது அளவைக் கொப்பியை விரித்து எதிர்க்கேள்வி கேட்க இந்தப் பிள்ளைகளால் முடியும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். கரையோரப் பாடசாலை அதிபர்களே, ஆசிரியர்களே, இரண்டு தடியும் ஒரு கயிறும் தேடுவது கடினமல்ல. வரும் மாரிக்கு முன்னர் முதலாவது அளவையை எடுத்துவிடுங்கள்.