உடலெனும் ஏடு யாருக்குச் சொந்தம்?



மனிதனின் மரபு ஏடு சுமார் 300 கோடி எழுத்துகளால் ஆனது. அதைப் படிக்கக் கற்றவர் அதற்கு உரிமையும் கொண்டாடலாமா? அமெரிக்க விஞ்ஞானி வால்டர் கில்பர்ட்டின் வாழ்க்கையைப் படித்தபோது இக்கேள்வியே என்னுள் எழுந்தது. நானும் கலைப் பட்டதாரிதான். ஆகவே விஞ்ஞானச் சொற்களைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டா.

1932-ல் பாஸ்டனில் பிறந்த கில்பர்ட், கேம்பிரிட்ஜில் பாகிஸ்தானைச் சேர்ந்த இயற்பியலறிஞர் அப்துஸ் ஸலாமின் ஆய்வு மாணவராயிருந்து 1957-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஆசிரியருக்கு 1979-ல் இயற்பியலிலும், மாணவருக்கு 1980-ல் வேதியியலிலும் நோபல் பரிசு கிட்டியது. ஓர் ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன மகிழ்ச்சி வேண்டும்!

1960-ல் கில்பர்ட், ஜேம்ஸ் வாட்சனுடன் சேர்ந்து உயிரியலுக்குள் நுழைந்தார். பெட்டகத்திலுள்ள மூல ஏட்டை வெளியே எடுக்காமல், வேண்டிய பக்கத்தை மட்டும் படியெடுத்துச் சமையற்கட்டுக்கு அனுப்புவதுண்டல்லவா? டி.என்.ஏ.யின் செய்தியைப் புரதம் உருவாகும் இடத்திற்கு அவ்வாறு சுமந்து செல்வதே தூது ஆர்.என்.ஏ. அதை நிலைநாட்டிய ஆய்வுகளுள் இவர்களுடையதும் ஒன்று, 1961-ல் வெளிவந்தது. உயிரின் தொடக்க நிலையில் ஆர்.என்.ஏ.யே எல்லாப் பணிகளையும் ஆற்றியிருக்கலாம் என்ற கருத்துக்கு 'ஆர்.என்.ஏ. உலகம்' என 1986-ல் பெயர் சூட்டியவரும் இவரே. டி.என்.ஏ. எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறையொன்றை 1977-ல் ஆலன் மாக்ஸமுடன் வெளியிட்டார். நோபல் பரிசு அதற்கே.

பின்னர் வணிகம் அழைத்தது. 1978-ல் பயோஜென் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரானார். 1987-லோ, மனித மரபு ஏடு முழுவதையும் படித்து, பதிப்புரிமையுடன் விற்க ஒரு நிறுவனம் காண முனைந்தார். அவ்வாண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது, முதலீடு கிட்டவில்லை. பிறகு 1990-ல் பொதுப் பணத்தில் தொடங்கிய மனித மரபுத் தொகுதித் திட்டம், தான் படித்ததை யாவருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தது.

ஆயினும் பிரச்சினை ஓயவில்லை. கில்பர்ட் இணைந்து நிறுவிய மிரியட் ஜெனடிக்ஸ், மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய இரு மரபணுக்களுக்குக் காப்புரிமை பெற்றது. தாயையோ சகோதரியையோ அந்நோய்க்குப் பறிகொடுத்த பெண், தன் உடலில் அக்குறை உண்டா என அறிய 3,000 டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. முடிவைச் சரிபார்க்க அமெரிக்காவில் வேறோர் ஆய்வகத்தை நாடவும் வழியில்லை. செலவிட்டவர் அதை மீட்க வேண்டாமா என்பது கேட்கத்தக்க வாதமே. ஆனால் அப்பெண்ணின் மரபணுவை அந்நிறுவனம் படைக்கவில்லையே!

2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையிலுள்ள டி.என்.ஏ.க்குக் காப்புரிமை இல்லையென ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அன்றே பிற நிறுவனங்கள் அச்சோதனையைக் குறைந்த விலையில் செய்து தர முன்வந்தன. ஆய்வகத்தில் மனிதர் உருவாக்கும் ஒருவகை டி.என்.ஏ. நகலுக்கு மட்டும் காப்புரிமை கோரலாம் என்றது நீதிமன்றம். அந்நகல் எதிலிருந்து எடுக்கப்படுகிறது தெரியுமா? கில்பர்ட் இளமையில் ஆராய்ந்த அதே தூது ஆர்.என்.ஏ.யிலிருந்துதான்.