மஞ்சள் நோட்டீஸ் யாருக்கு?

கடன் கழுத்தை நெரிக்கும்போது மதுரைப் பக்கம் ஒரு யோசனை தவறாமல் வரும்: "பேசாம மஞ்சள் நோட்டீஸ் குடுத்துரு." சமணர் மலையடிவாரத்தில், கீழக்குயில்குடி தாமரைக்குளத்துக் கரையில் உட்கார்ந்து பேசினாலும் இதே பேச்சுதான். மஞ்சள் நோட்டீஸ், அதாவது ஐ.பி. என்கிற திவால் மனு, போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறார்கள். தீராது. எது தீரும், எது தீராது என்று தெரிந்துகொண்ட பிறகே வக்கீல் வீட்டுப் படியேற வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த ஊரில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிற ஒருவரின் குடும்பத்துக்கு ஐந்து லட்சத்து முப்பதாயிரம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு ஃபைனான்ஸ் பாக்கி ஒன்றரை லட்சம். நகைக்கடன் ஒரு லட்சத்து இருபதாயிரம். மனைவி பெயரில் குழு லோன் அறுபதாயிரம். மிச்சம் இரண்டு லட்சம், புரோநோட்டில் ஐந்து வட்டிக்கு வாங்கியது.

இவர் திவால் மனுப் போட்டால் என்ன ஆகும்? வண்டியை ஃபைனான்ஸ்காரர் எடுப்பதையும் நகையை வங்கி ஏலம் விடுவதையும் அந்த மனு தடுக்காது; ஈடு வைத்த பொருள்மேல் கடன் கொடுத்தவரின் உரிமை அப்படியே இருக்கும். குழு லோன் மனைவியுடையது, இவர் மனுவுக்குள் வராது. ஆக, மனு காப்பாற்றுவது அந்த இரண்டு லட்சத்திலிருந்து மட்டும்தான்.

அந்த இரண்டு லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம் வட்டி. இருபது மாதம் கட்டியிருந்தால் அசலுக்குச் சமமான தொகை ஏற்கெனவே போய்விட்டது. ஈடில்லாக் கடனுக்கு அரசு வைத்திருக்கும் உச்ச வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் இரண்டாயிரம். 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி, முறையான வட்டியோடு பாக்கியை நீதிமன்றத்தில் செலுத்திக் கடனைத் தீர்த்ததாகப் பதியக் கேட்கலாம். அடாவடி வட்டி வாங்கியவருக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. இவர் போக வேண்டிய வழி அதுதான். ஊரறியத் திவாலானவர் என்ற பெயர் இவருக்கு எதற்கு?

அப்படியானால் மஞ்சள் நோட்டீஸ் யாருக்கு? தொழில் நொடித்து, ஈடில்லாத கடன் பல பேரிடம் குவிந்து, டிக்ரிகள் வரிசையாக வந்து, விற்றுக் கட்டவும் ஒன்றுமில்லாத நேர்மையானவருக்கு. அவருக்கு இது வெட்கப்படுகிற காரியமே அல்ல. தினசரிகளில் வரும் திவால் நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மனுதாரர், எதிரே கடன் கொடுத்தவர்கள் பத்துப் பதினைந்து பேர், பெயர், தகப்பனார் பெயர், விலாசத்தோடு. அந்தக் கட்டத்துக்குள் அடங்கியிருப்பது ஒரு குடும்பத்தின் பல வருட நிம்மதியின்மை.

மதுரைக்கு இன்றும் பொருந்துவது 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அன்று வைத்த வரம்பு இன்னும் மாறவில்லை. சொத்து ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது கடனை ஈடுகட்டாவிட்டால், அது தன் தவறால் அல்ல என்று கடனாளி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் முழு விடுதலை கிடைக்காது. மனுவுக்கு முந்தைய இரண்டாண்டுக்குள் மச்சினன் பெயருக்கு வீட்டைச் சும்மா எழுதிவைத்திருந்தால் அந்தப் பத்திரம் ரத்தாகலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்ட சொந்தக்காரர் மாட்டிக்கொண்டே இருப்பார். செக் திரும்பிய வழக்கும் தொடர்ந்து நடக்கும்.

சிறைக்குப் பயந்து மனுப் போடுகிறவர்களும் உண்டு. வசதியில்லாமல் கட்ட முடியாதவரைக் கடனுக்காகச் சிவில் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், சொல்லிவிட்டது.

ஏழைக் கடனாளிக்கென்று 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் 'புதிய தொடக்கம்' என்றொரு வழி எழுதப்பட்டது. ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சொந்த வீடு கூடாது. இந்த வரம்புக்குள் யார் வருவார்கள்? அந்தப் பகுதியையும் இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. பெரிய கம்பெனிகளுக்கு அதே சட்டத்தின் கதவு அகலத் திறந்திருக்கிறது. மத்திய அரசு வரம்பை உயர்த்தி, இந்தக் கதவையும் திறக்க வேண்டும்.

அதுவரை, மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். மனுவில் கையெழுத்துப் போடும் முன் அங்கே போங்கள். கடன் சீட்டு, பாஸ்புக், அடகு ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் ஒன்றைக்கூட மறைத்து வைக்காதீர்கள்.