அழைத்தவனுக்குக் குற்றமில்லையா?

சூதாடுபவன் தன் பணத்தை இழக்கின்றான். சூதுக்கு ஆள் சேர்ப்பவனோ, பிறர் இழக்கும் பணத்தால் தன் பையை நிரப்புகின்றான். இவ்விருவருள் கொடியவன் எவன்?

முன்பு சூதாடுகளம் ஊர்ப்புறத்தே ஒளிந்திருந்தது. தேடிச் சென்றவனே கெட்டான். இன்றோ அது கைப்பேசி வழியே வீட்டுக்குள் வந்து கடைவிரிக்கின்றது. அதனை அழைத்து வருவோருள், குமுக ஊடகங்களில் பல்லாயிரவர் பின்தொடரும் பெயர்பெற்றோரும் உளர். சமையலும் நகைச்சுவையும் காட்டி ஈட்டிய நம்பிக்கையை அவர்கள் ஒருநாள் சூது நிறுவனத்திற்கு விற்றுவிடுகின்றனர். வென்ற தொகையைக் காட்டுவர்; தோற்றவர் கணக்கைக் காட்டார். அவர்கள் தரும் இணைப்பின் வழிச் சேர்வோர்க்கெல்லாம் தரகு உண்டு. சேர்ந்தவர் இழக்கும் பணத்திலேயே பங்களிக்கும் நிறுவனங்களும் உண்டு. நம்பியவன் கெடக்கெட, நம்பவைத்தவன் கொழுக்கின்றான்!

“யாம் காட்டினோம், ஆடியது அவன் விருப்பம்” என்பது இவர்தம் விடை. சட்டம் அதனை ஏற்கவில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் இயற்றி, ஆளுநர் திருப்பியனுப்பியபின் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில், ஆடுவோர்க்கு 3 மாதம் வரை சிறை. விளம்பரஞ் செய்வோர்க்கோ ஓராண்டு வரை சிறை, அல்லது 5 இலக்கம் உருபா வரை தண்டம், அல்லது இரண்டும். 2025 ஆகத்தில் நடுவணரசு இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடுபவனை ஒறுக்காது விட்டது. விளம்பரஞ் செய்பவனுக்கு 2 ஆண்டு வரை சிறையோ, 50 இலக்கம் வரை தண்டமோ, இரண்டுமோ வகுத்தது. ஆடுபவனினும் அழைப்பவன் குற்றமே பெரிது என்பதை இவ்விரு சட்டங்களும் ஒப்புகின்றன.

காசு பெற்று அவ்வழைப்பை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் ஊடக நிறுவனமும் கைகழுவிக்கொள்ள இயலாது. கள்ளப்பொருளை அறிந்தே சுமந்த வண்டிக்காரனுக்கும் குற்றத்தில் பங்குண்டு.

சூதின் கேட்டை உணர்த்தத் திருவள்ளுவர் தனியோர் அதிகாரமே வகுத்தார். அவர் எழுதிய மொழியிலேயே, “தம்பி, தங்கையே” என உறவு சொல்லி இன்று சூதுக்கு அழைக்கின்றனர். தாய்மொழியைத் தூண்டிற் புழுவாக்கும் இழிசெயல் இது! சட்டம் தன் கடனைச் செய்க. மக்கள் கடன் அதனினும் எளிது: இத்தகையோரைப் பின்தொடராது விடுதல், அவர்தம் காணொளியைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தல், சூது விளம்பரத்தைக் கண்டவிடத்துக் காவல்துறைக்கு அறிவித்தல். கேட்பார் அற்றுப்போனால் கூவுவார் வாய் தானே அடங்கும்.