‘சாப்பிடு’ என்பதும் அதே வாய், ‘ஊதிட்ட’ என்பதும் அதே வாய்

பெண் வயசுக்கு வந்தால் நம் பக்கத்தில் என்ன செய்கிறோம்? உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விட்டு, வெல்லம் சேர்த்து உருட்டிக் கொடுக்கிறோம். வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் விட்டு, “இடுப்புக்குப் பலம்டி, முழுங்கு” என்று அத்தையும் ஆயாவும் மாறி மாறி நிற்கிறார்கள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல ஆனதும், “இப்பதான் களையா இருக்கா” என்று சுற்றிப் போடுகிறார்கள். அதே பெண் பதினொன்றாம் வகுப்பில் காலடி வைக்கும்போது அதே வாய்கள், “என்னாடி இப்படி ஊதிட்ட? நாளைக்கு எவன் கட்டிக்குவான்?” என்கின்றன. நடுவில் அந்தப் பிள்ளை செய்த தப்பு என்ன?

அந்த வயசில் இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது வளர்ச்சி. உடம்பு தன் வேலையைச் செய்கிறது. பையன்களில் பல பேர் உயரம் போடுவதற்கு முன்னால் ஒரு சுற்று பெருத்துவிட்டுத்தான் விறுவிறுவென்று நீளுவார்கள். அதனால்தான் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் உயரத்துக்கேற்ற எடையைப் பார்க்க வயசுவாரியாகத் தனி பிஎம்ஐ அட்டவணை வைத்திருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களோ தங்களுக்கான பிஎம்ஐ கணக்கை போனில் போட்டுப் பார்த்துவிட்டு, பதினாலு வயசுப் பிள்ளையிடம் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சின்னசேலம் கடைவீதியில் ஒரு தையல் கடையில் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு யூனிஃபார்ம் அளவு எடுக்கிறார்கள். போன வருஷத்தைவிட எத்தனை இஞ்ச் கூடியிருக்கிறது என்று டெய்லர் சத்தமாகச் சொல்கிறார். உள்ளே நோட்டில் குறிக்கிறவருக்குக் கேட்க வேண்டும், அது அவர் தொழில். ஆனால் அதற்குப் பெற்ற தாய் சொன்ன பதில் இருக்கிறதே! “எவ்ளோ சொன்னாலும் கேக்கறதில்லண்ணே, தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குது. நல்லா லூசாவே தைங்க.” கடையில் அந்தப் பெண்ணின் வகுப்புப் பையன் ஒருவன் பேன்ட்டுக்கு நிற்கிறான். டேப்பை எடுத்த பிறகும் அவள் தூக்கிய கையை இறக்கவில்லை. அந்த அம்மா கெட்டவர் இல்லை. அன்றைக்குச் சாயந்திரமே அவளுக்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறியிருப்பார். அத்தனை பாசம் உள்ளவரே இப்படிப் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“நல்லதுக்குத்தானே சொல்றோம்” என்பார்கள். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடினவர்கள் என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு வந்தது. அப்பாவுக்கு இன்சுலின், பாட்டிக்குக் கால் புண் என்று வீட்டுக்குள்ளேயே பார்க்கிறவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் அதே குடும்பநலக் கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது: இதே தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயசுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பார்க்க வாட்டசாட்டமாக இருக்கிற பிள்ளைக்கும் ரத்தம் குறைவாக இருக்கலாம். “ஊதிட்ட” என்ற சொல்லைக் கேட்டு அது காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு பஸ் ஏறினால், பிரேயரில் மயங்கி விழும். விழுந்ததும், “ஒழுங்கா சாப்பிட்டாத்தானே?” என்று அதற்கும் ஒரு திட்டு.

பேச்சில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் பதின்வயசுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்து ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். உடம்பின் எடையைப் பற்றிப் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளிடம் பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வெளியேற்றுவது போன்ற கேடுகள் அதிகம் தெரிந்தன. எடையை விட்டுவிட்டு நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிற வீடுகளில் அவை குறைவு. 2016-ல் அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே பெற்றோருக்குச் சொல்லிவிட்டது: எடைப் பேச்சு வேண்டாம், கேலி வேண்டாம், டயட்டில் தள்ள வேண்டாம், முடிந்தவரை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவு உண்டா?

சேர்ந்து சாப்பிடுவது என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். கேழ்வரகும் சாமையும் நமக்குப் புதுசா? கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக விளைந்து, மேலே வெள்ளிமலையிலும் கீழே நம் ஊர்களிலும் வீடே உட்கார்ந்து தின்ற சோறு. களியும் கீரைக் கடைசலும், இல்லாவிட்டால் கருவாட்டுக் குழம்பும் போதும். அப்பா, பிள்ளை, பெண் எல்லோருக்கும் ஒரே உருண்டை. இன்றைக்கு ‘உடம்பு குறையும்’ என்று எவரோ சொன்னதால் அதே கேழ்வரகு, வீட்டில் ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் தண்டனையாகப் போகிறது. தம்பிக்கு நெய் விட்ட தோசை, அப்பாவுக்குப் பரோட்டா பார்சல், அவள் முன்னால் மட்டும் கஞ்சி டம்ளர். “உனக்குத்தான் குறையணும், குடி.” இப்படிக் குடிக்க வைத்தால் அந்தப் பிள்ளை வாழ்நாளைக்கும் கேழ்வரகை வெறுக்காதா? நல்ல சாப்பாடு என்றால் அத்தனை தட்டிலும் விழட்டும்.

பையன்களையும் விடுவதில்லை. குண்டாக இருந்தால் அரிசி மூட்டை, ஒல்லியாக இருந்தால் தென்னங்குச்சி, நோஞ்சான். “உன் வயசுல நான் மூட்டை தூக்கினேன்டா” என்று அப்பாவே ஆரம்பித்து வைப்பார். அவன் உடம்பேற வேண்டும் என்று, சேர்த்து வைத்த காசைக் கொண்டுபோய் என்ன பொடி என்றே தெரியாமல் ஒரு டப்பா வாங்கிப் பாலில் கலக்கிக் குடிக்கிறான்.

எடைப் பயம் எவ்வளவு தூரம் போகும்? 2025 மார்ச்சில் கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துப் பதினெட்டு வயசுக் கல்லூரிப் பெண் ஒருத்தி, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் சாப்பாட்டை ஒதுக்கி, தலச்சேரியில் சிகிச்சையில் இருந்தபோதே இறந்துபோனாள். வீட்டில் கொடுத்த சாப்பாட்டை ஒளித்து வைத்துவிட்டு, சாப்பிட்டதாகக் காட்டிக்கொண்டிருந்தாளாம். அந்தப் பெற்றோர் ஏதோ சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் அவர்கள்தான் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வெளியே யூடியூபும் இன்ஸ்டாகிராமும் ராப்பகலாக ‘எடையைக் குறை’ என்றே ஓதுகின்றன என்றுதான் சொல்கிறேன். அதற்கு மேல் நாமும் ஓத வேண்டுமா? பிள்ளை சாப்பாட்டுத் தட்டோடு தனியே போகிறது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுகிறது, மாதவிலக்கு நின்றுபோனது என்றால் திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மனசு சம்பந்தப்பட்டது என்று தயங்கினால் 14416-க்குக் கூப்பிடலாம். அரசாங்கத்தின் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எடை எடுக்கிற அன்றைக்கு, வகுப்பு முழுக்கக் கேட்க எண்ணை உரக்கச் சொல்லி எழுதுகிறார்கள். அந்த எண் மதியத்துக்குள் பட்டப்பெயராகிவிடுகிறது. எடை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுத்ததை அட்டையில் எழுதி மடித்துக் கொடுத்தால் போதாதா?

அடுத்தது சொந்தக்காரர்கள். கல்யாண மண்டபத்தில் பந்தியில் இலை போட்டதும் ஒரு பெரியம்மா வந்து, “பொண்ணு ரெண்டு சுத்து பெருத்துட்டாளே, லட்டை அந்தப் பக்கம் வை” என்று சிரிப்பார். அந்த லட்டு இலையிலேயே கிடக்கும். எனக்கு அந்தப் பெரியம்மாமேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு சேர்ந்து சிரிக்கிற அம்மாமேல்தான் கோபம். பெரியவர்களை எதிர்த்துப் பேச வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். “வந்ததும் அதையா பாத்தீங்க அக்கா? கோ-கோவுல ஸ்கூல் டீம்ல ஆடிட்டு வந்திருக்கா, அதைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு, இன்னொரு லட்டு வைக்கச் சொல்ல ஒரு தாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும்?