அடாப்டரே தெரியலைங்குது லேப்டாப்... பேட்டரியை மாற்றும் முன் இதைப் பாருங்க!

பெரியகுளத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருவரின் கேள்வி இது. சீனியரிடம் வாங்கிய பழைய டெல் லேப்டாப். ஆன் செய்தால், விண்டோஸ் வருவதற்கு முன்பே கறுப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறது: 'தி ஏ.சி பவர் அடாப்டர் வாட்டேஜ் அண்ட் டைப் கெனாட் பி டிட்டர்மைண்ட்.' எஃப்-1 பட்டனை அழுத்தினால் லேப்டாப் ஓடுகிறது. ஆனால், ஆமை வேகம். சார்ஜ் 7 சதவிகிதத்தைத் தாண்டவே இல்லை. கடையில் அடாப்டரை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, 'அடாப்டர் நல்லாத்தான் இருக்கு, பேட்டரி போயிருக்கும், இல்லைன்னா போர்டு' என்று சொல்லிவிட்டார்களாம். பிராஜெக்ட் சமர்ப்பிக்க நாள் நெருங்குகிறது. போர்டு மாற்றினால் லேப்டாப் வாங்கிய விலையே வந்துவிடும். என்ன செய்வது?

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த எச்சரிக்கை பேட்டரியைப் பற்றியதே அல்ல. 'என்னோடு இணைத்திருக்கும் அடாப்டர் யாரென்று எனக்குத் தெரியவில்லை' என்றுதான் லேப்டாப் சொல்கிறது. மீட்டரில் வோல்டேஜ் சரியாகக் காட்டினாலும் இந்தப் பிரச்னை இருக்கலாம். அது எப்படி?

நடுவில் இருக்கும் அந்த ஊசி

டெல் அடாப்டரின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். உருளையான உலோகத்துக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. அது தகவல் சொல்லும் ஊசி. அடாப்டருக்குள் இருக்கும் சின்ன சிப் ஒன்று, 'நான் 65 வாட்', 'நான் 90 வாட்' என்று அந்த ஊசி வழியாகத்தான் லேப்டாப்புக்குத் தெரிவிக்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ, ஒயருக்குள் தகவல் கம்பி மட்டும் அறுந்தாலோ, கரன்ட் வரும், தகவல் வராது.

தகவல் வராவிட்டால் லேப்டாப் முன்னெச்சரிக்கையாக நடந்துகொள்ளும். வந்திருப்பது 30 வாட்டா, 90 வாட்டா என்று தெரியாததால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். பிராசஸரின் வேகத்தையும் குறைத்துவிடும். சார்ஜ் ஏறாதது, வேகம் குறைந்தது இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கடையில் மீட்டர் 19.5 வோல்ட் காட்டியது என்றால், கரன்ட் கம்பி நன்றாக இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். தகவல் கம்பியைப் பற்றி அந்த மீட்டர் எதுவும் சொல்லாது.

ஹெச்.பி லேப்டாப்களின் நீல முனை அடாப்டரிலும் இதே போன்ற நடு ஊசி உண்டு. லெனோவோவின் செவ்வக முனையிலும் வாட்டைத் தெரிவிக்கத் தனி ஊசி இருக்கிறது. முனையின் வடிவம் மாறினாலும் விஷயம் ஒன்றுதான்.

செலவில்லாத சோதனைகள் முதலில்

வரிசை முக்கியம். காசு செலவில்லாததில் தொடங்கி, செலவு பிடிப்பதற்குக் கடைசியாகப் போங்கள்.

1. சுவரிலிருந்து தொடங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கிலிருந்து அடாப்டர் பெட்டி வரை வரும் ஒயரைக் கழற்றி, இறுக்கமாக மீண்டும் மாட்டுங்கள். அடாப்டரில் லைட் எரியவில்லை என்றால், இந்த ஒயரே பழுதாக இருக்கலாம். இது தனியாகவே கிடைக்கும், விலையும் குறைவு.

2. லைட்டைக் கவனியுங்கள். அடாப்டரைச் சுவரில் மாட்டியதும் லைட் எரிகிறது. லேப்டாப்பில் சொருகியதும் அணைந்துவிடுகிறது என்றால், லேப்டாப்பின் சார்ஜிங் ஜாக்கிலோ உள்ளேயோ ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காமல், கடைக்குக் கொண்டு போய்விடுங்கள்.

3. 30 விநாடி வைத்தியம். லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள். அடாப்டரைக் கழற்றுங்கள். பேட்டரி கழற்றும் வகையாக இருந்தால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்யுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து, சார்ஜிங்கைக் கவனிக்கும் சிப் புதிதாகத் தொடங்கும். பல லேப்டாப்கள் இதிலேயே சரியாகிவிடும்.

4. பயாஸிடம் கேளுங்கள். டெல் லேப்டாப் என்றால், ஆன் செய்ததும் எஃப்-2 பட்டனைத் தட்டுங்கள். பேட்டரி பற்றிய பகுதியில் அடாப்டர் எத்தனை வாட் என்று இருக்கும். அங்கே 65 என்று வந்தால், லேப்டாப் அடாப்டரை அடையாளம் கண்டுவிட்டது. பழுது வேறு இடத்தில். 'அன்நோன்' என்று வந்தால் அடாப்டர், ஒயர், ஜாக் மூன்றில் ஒன்று.

5. ஒரு நாள் கடன் வாங்குங்கள். இருப்பதிலேயே நம்பகமான சோதனை இதுதான். அதே கம்பெனி, அதே முனை, அதே வாட் அல்லது கூடுதல் வாட் உள்ள ஒரிஜினல் அடாப்டரைத் தோழியிடம் வாங்கி மாட்டிப் பாருங்கள். எச்சரிக்கை மறைந்து சார்ஜ் ஏறினால், உங்கள் அடாப்டர்தான் பழுது. பேட்டரியும் போர்டும் நலம். எச்சரிக்கை அப்படியே இருந்தால் லேப்டாப்பின் ஜாக்கைச் சந்தேகியுங்கள். பல டெல் மாடல்களில் அந்த ஜாக் சின்ன ஒயருடன் தனியாக வரும் பாகம். அதை மட்டும் மாற்றலாம்; போர்டை மாற்ற வேண்டியதில்லை. கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரிதான் குற்றவாளி என்பது எப்போது?

அடாப்டரைக் கழற்றிய நொடியே லேப்டாப் அணைகிறதா? 40 சதவிகிதம் காட்டிவிட்டு சட்டென்று ஆஃப் ஆகிறதா? அப்போது பேட்டரியைப் பாருங்கள். விண்டோஸே அதற்கு ரிப்போர்ட் தரும். ஸ்டார்ட் மெனுவில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று தேடித் திறங்கள். அதில் 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு, முன்பக்கம் சாயும் கோடு ஒன்று போட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். ரிப்போர்ட் எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று திரையிலேயே வரும்.

அதில் இரண்டு எண்கள் போதும். 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பேட்டரி புதிதில் தாங்கிய அளவு. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இப்போது தாங்கும் அளவு. இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால், பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்றலாம். லித்தியம் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கியதும் தளரத் தொடங்கும். இது பழுதல்ல, ஆயுள்.

ஓர் எச்சரிக்கை மட்டும் தள்ளிப்போட முடியாதது. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, லேப்டாப்பின் அடிப்பகுதி புடைத்து மேஜையில் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நிமிடமே அணைத்து, அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். அதை அழுத்துவது, குத்துவது, மறுபடி சார்ஜ் போடுவது எதுவும் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

இவை பழுதே அல்ல!

சார்ஜ் 60 அல்லது 80 சதவிகிதத்தில் நின்று, 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று வருகிறதா? பேட்டரியின் ஆயுளைக் காக்கும் வசதி ஆன் ஆகியிருக்கலாம். லெனோவோவில் 'கன்சர்வேஷன் மோட்' என்று இருக்கும். டெல், ஹெச்.பி, அசூஸ் லேப்டாப்களிலும் வேறு வேறு பெயர்களில் உண்டு. நாள் முழுக்க பிளக்கிலேயே வைத்து வேலை செய்பவர்களுக்கு அது நல்லதுதான். வெளியூர் போகும் நாளில் மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சூடு. மாம்பழ சீசன் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து சார்ஜ் போட்டால் காற்றுத் துளைகள் அடைபடும். லித்தியம் பேட்டரியை பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் லேப்டாப் தானாகவே சார்ஜிங்கை நிறுத்திக்கொள்ளும். ஃபேனுக்குக் கீழே, கெட்டியான பலகையில் அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

'ஸ்லோ சார்ஜர்' என்று வந்தால்?

இது யு.எஸ்.பி டைப்-சி முனையுள்ள புது லேப்டாப்களில் வருவது. 'கரன்ட் வருகிறது, போதவில்லை' என்று பொருள். முனை ஒன்றாக இருக்கிறதே என்று போன் சார்ஜரைச் சொருகினால் இப்படித்தான் ஆகும். போன் சார்ஜர் பெட்டியில் 67 வாட், 80 வாட் என்று எழுதியிருந்தாலும், பெரும்பாலும் அது அந்தக் கம்பெனி போனுக்கு மட்டும் தரும் வேகம். லேப்டாப்புக்குத் தேவை 'பி.டி' எனப்படும் பவர் டெலிவரி முறையில் 45 அல்லது 65 வாட். கேபிளும் முக்கியம். சாதாரண டைப்-சி கேபிள் அதிகபட்சம் 60 வாட்தான் கடத்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28-ஐ லேப்டாப்கள் டைப்-சிக்கு மாறக் கெடுவாக வைத்தது. ஊருக்கு ஊர் ஒரே முனை வந்தாலும், வாட் பார்த்து வாங்கும் வேலை நம்முடையதுதான்.

புது அடாப்டர் வாங்கும்போது

பழைய அடாப்டரின் லேபிளை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 'அவுட்புட்' என்ற வரியில் வோல்ட், ஆம்பியர் இரண்டும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். 19.5 வோல்ட், 2.31 ஆம்பியர் என்றால் 45 வாட்.

வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. முனை இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இந்திய தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்ஸின் முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். லேப்டாப் அடாப்டருக்கு இந்தப் பதிவு கட்டாயம். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் போட்டால், எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண் என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

மலிவு அடாப்டர்கள் பலவற்றில் அந்தத் தகவல் சிப் இருக்காது, இருந்தாலும் சரியாகப் பேசாது. எனவே, கடையிலேயே லேப்டாப்பில் மாட்டி, எச்சரிக்கை வராமல் சார்ஜ் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில் வாங்குங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேச அந்த பில்தான் ஆதாரம்.

பயாஸில் 'அடாப்டர் வார்னிங்ஸ்' என்பதை அணைத்து, எச்சரிக்கையை நிறுத்தித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். செய்தி மறையும், சார்ஜ் ஏறாது.

மழையும் மூணு பின்னும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கோடை மழை என்றால் இடி, மின்னல், கரன்ட் கட் மூன்றும் சேர்ந்து வரும். கரன்ட் போனதும் அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். கரன்ட் திரும்பும் நொடியில் வோல்டேஜ் எகிறக்கூடும். வந்து சில நிமிடங்கள் கழித்து மாட்டினால் போதும். வீட்டில் டியூப் லைட் மினுக்குவதும், ஃபேன் வேகம் ஏறி இறங்குவதுமாக இருந்தால் அடாப்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்குப் புகார் கொடுங்கள்.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டுவதும் பல வீடுகளில், விடுதிகளில் நடக்கிறது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொடும்போது சுருக்கென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்பதன் அறிகுறி அது. மூன்றாவது பின் அலங்காரத்துக்கு இல்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபாருங்கள்.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயனடைந்திருக்கிறார்கள். ஹெச்.சி.எல், ஏசர், லெனோவோ என்று பல மாடல்கள் கொடுக்கப்பட்டன. அக்காவுக்குக் கிடைத்த லேப்டாப்பில் இன்று தம்பி படிக்கும் வீடுகள் நிறைய. அவற்றில் சார்ஜ் ஏறவில்லை என்றால் 'பழசாயிடுச்சு' என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். ஒரே மாடல் லட்சக்கணக்கில் புழங்கியதால், அக்கம்பக்கத்தில் அதே அடாப்டர் யாரிடமாவது இருக்கும். கடன் வாங்கிச் சோதிப்பது சுலபம்.

2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் புது லேப்டாப் பெற்றவர்கள் வாரன்டி காலத்தில் வெளிக்கடையில் திறக்க விடாதீர்கள். அடியில் இருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்கு முதலில் பேசுங்கள். தேனிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறும் முன், மேலே சொன்ன ஐந்து சோதனைகளையும் முடித்து, முடிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 'வேற அடாப்டர்ல சார்ஜ் ஏறுது' என்ற ஒரு வாக்கியத்தை நீங்கள் சொன்னால், போர்டு மாற்றும் பேச்சு அங்கே எழாது.

ஒயர், அடாப்டர், ஜாக், பேட்டரி, கடைசியாகத்தான் போர்டு. இந்த வரிசையை மட்டும் மறக்காதீர்கள்.