நுண்ணாடியும் நம் தாய்மொழியும்

நம் ஆண்டு மலர்களில் கவிதைக்குப் பஞ்சமில்லை, அறிவியலுக்குத்தான் பஞ்சம். இத்தனைக்கும் தமிழ்க் கழகத்தில் பொறியியல், இயற்பியல் மாணவர்களும் இருக்கிறோம். கேட்டால், “அதெல்லாம் தமிழில் சொல்ல வராது” என்ற பதில்தான் கிடைக்கிறது. வருமா வராதா என்று நானே முயன்று பார்க்கிறேன். என் துறைப் பொருள், ஒளிச் சமிக்ஞையைத் திருப்பும் நுண்கருவி.

கண்ணாடியிழைக்குள் ஒளியாக ஓடும் செய்தியை வேறோர் இழைக்கு மாற்ற, வழக்கமாக அதை மின்சாரமாக்கி, வழி பிரித்து, மீண்டும் ஒளியாக்க வேண்டும். இந்தச் சுற்றுவழி தேவையில்லை என்கிறது நுண்கருவி. சிறுவயதில் கைக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் ஆட்டியிருப்போமே, அதே வித்தைதான். சிலிக்கனில் செதுக்கிய குண்டூசித் தலையளவு ஆடி, மின்னழுத்தம் கொடுத்தால் சாயும். ஒளி வேறு இழைக்குள் போகும். சற்றே சாய்த்தால், ஒளியின் ஒரு பகுதி மட்டும் இழைக்குள் நுழையும். சமிக்ஞை வேண்டிய அளவுக்குத் தணியும். முன்னது ஒளிமாற்றி, பின்னது ஒளித்தணிப்பி. அவ்வளவுதான்!

1999-இல் அமெரிக்காவின் லூசன்ட் நிறுவனம் 256 ஆடிகள் கொண்ட கருவியை அறிவித்தது. நம் பாயான் லெப்பாஸில் ஆலை வைத்திருந்த அஜிலன்ட், 2000-இல் இங்க்ஜெட் அச்சு நுட்பத்தால் உண்டாக்கிய குமிழியையே ஆடிபோல் பயன்படுத்திக் காட்டியது. தொலைத்தொடர்புச் சந்தை சரிந்ததும், 2002-இல் லூசன்ட் தன் கருவியைக் கைவிட்டது. நுட்பம் மட்டும் சாகவில்லை. தன் தரவு மையங்களில் 136 வழிகள் கொண்ட நுண்ணாடி மாற்றிகள் இயங்குவதாக 2022-இல் கூகுள் வெளியிட்டது.

இதைத் தமிழில் சொல்லித்தான் ஆக வேண்டுமா? வேண்டும் என்பேன். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது முதல், நம் பாட்டிமாரும் அம்மாமாரும் அங்குள்ள ஆலைகளில் நுண்ணோக்கியில் கண் பதித்து, ஷிப்ட் மாறி மாறி உழைத்தார்கள். அந்தச் சம்பளத்தில் படித்தவர்கள் நம்மில் உண்டு. தங்கள் கைகள் பொருத்திய பாகம் என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்கு அவர்கள் மொழியில் சொன்னவர் யார்? இன்று நமக்குத் தெரியும். தெரிந்தும், சொல்ல மொழியில்லை என்கிறோம். மொழி இருக்கிறது, பழக்கம்தான் இல்லை.

கலைச்சொற்கள் எல்லாம் அமைந்த பிறகே எழுதுவேன் என்பது, நீந்தக் கற்ற பிறகே தண்ணீரில் இறங்குவேன் என்பதைப் போன்றது. ‘நுண்ணாடி’ பிடிக்கவில்லையா? இதைவிட நல்ல சொல்லாகத் தாருங்கள். எழுத எழுதத்தான் சொல் பழகும்.

தோழர்களே, அடுத்த மலருக்கு உங்கள் இறுதியாண்டு ஆய்வை இரண்டே பக்கத்தில் எழுதுங்கள். ஆசிரியர் குழுவுக்கு அனுப்புமுன் வீட்டில் படித்துக் காட்டுங்கள். அம்மா “புரியலையே” என்றால், குறை அவரிடம் இல்லை. இன்னொரு முறை எழுதுவோம்.